திறந்த உலக ஷூட்டர்களும் அவற்றின் அடுத்த பாகங்களும்: சண்டை வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேம் டிஸ்க் இரவல் வாங்கிப் போவதுண்டு. திருப்பித் தரும்போது டிஸ்க்கோடு ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன; சிக்கலானவை பின்னால். எந்தக் கதையின் முடிவையும் இங்கே சொல்லவில்லை.

ஓப்பன் வேர்ல்ட் ஷூட்டர்னா என்னண்ணா? துப்பாக்கி இருக்கற எல்லா கேமும் அதுதானே?

இல்லை. வழக்கமான ஷூட்டரில் நீங்கள் எந்தக் கதவு வழியாக உள்ளே வருவீர்கள், அப்போது கையில் எந்தத் துப்பாக்கி இருக்கும், ஏறத்தாழ எத்தனை குண்டு மிச்சமிருக்கும் என்பது வரை அதை உருவாக்கியவர்களுக்குத் தெரியும். அதற்கேற்ப எதிரிகளை நிறுத்தி வைப்பார்கள். திறந்த உலகத்தில் ஆடுபவர் விரும்பிய திசையில் விரும்பிய நேரத்தில் போகலாம் என்பதால் அந்தப் பிடி அவர்களிடம் இல்லை. ஒரே முகாமை ஒருவர் முதல் மணி நேரத்தில் கைத்துப்பாக்கியோடு தாக்கலாம், இன்னொருவர் இருபதாவது மணி நேரத்தில் ராக்கெட் லாஞ்சரோடு வந்து நிற்கலாம், இருவருக்குமே அந்தச் சண்டை சுவைக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

2004-இல் கிரைடெக் உருவாக்கிய முதல் ஃபார் க்ரை அகன்ற தீவுகளைக் காட்டினாலும் கட்டம் கட்டமாகத்தான் நகர்ந்தது. 2008-இல் யூபிசாஃப்ட் மான்ட்ரியல் உருவாக்கிய இரண்டாம் பாகத்தில்தான் நிலம் உண்மையாகத் திறந்தது. ஸ்டாக்கர், பார்டர்லேண்ட்ஸ் போன்றவை நிலத்தைப் பெரிய வட்டாரங்களாகப் பிரித்து இணைத்தவை என்றாலும் அவற்றையும் இந்த வகையில்தான் பேசுகிறோம். ஜிடிஏ போலப் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் கேமரா நிற்கும் கேம்களையும் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

சண்டைல வளர்றதுன்னா லெவல் ஏறுறது மட்டும்தானா?

லெவல் அதில் ஒரு பங்குதான். நான் இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதலாவது எண்: உடல்நலப் பட்டை நீள்கிறது, குண்டின் வலு கூடுகிறது. இரண்டாவது செயல்: நேற்றுவரை செய்ய முடியாத ஒன்றை இன்று செய்ய முடிகிறது. மூன்றாவது கை: ஆடுபவரே கற்றுக்கொண்டது, எந்தச் சேவ் ஃபைலிலும் பதிவாகாதது.

2012-இல் வந்த ஃபார் க்ரை 3-இல் ஒரு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கனத்த கவசம் போட்ட ஹெவி ஒருவன் நிற்பான். தொடக்கத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் நின்றாலும் கத்தியால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குரிய திறனைப் புள்ளி கொடுத்து வாங்கிய பிறகு, இதுவரை சுற்றிப் போக வேண்டியிருந்த அந்த வாசல் வழியாகவே நுழையலாம். இது செயல் வளர்ச்சி. அதே முகாமில் அலாரம் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியைத் தூரத்திலிருந்து சுட்டால் அந்தப் பெட்டி மட்டும்தான் கெடும்; பதுங்கிப் போய்க் கையால் நிறுத்தினால் முகாமின் எல்லா அலாரங்களும் அடங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ள எந்தப் புள்ளியும் செலவாவதில்லை, தெரிந்த பிறகு யாராலும் அதைப் பறிக்கவும் முடியாது. இது கை வளர்ச்சி.

எண் மட்டும் வளரும் கேமை நான் குறைவாகவே மதிக்கிறேன். எண் வளர்ச்சி கூடாது என்பதில்லை. அது மற்ற இரண்டுக்கும் துணையாக நிற்க வேண்டும், அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பிஜிஎம்ஐல நான் ஏஸ் ரேங்க். ஃபார் க்ரைல மட்டும் ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை சாகுறேன்?

பலர் எதிர்த்து ஆடும் போன் ஷூட்டரான பிஜிஎம்ஐ-யில் ஒவ்வொரு ஆட்டமும் வெறுங்கையோடு தொடங்குகிறது. கீழே கிடக்கும் துப்பாக்கி எல்லோருக்கும் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கும் ஸ்கின் தோற்றத்தை மாற்றுமே தவிர குண்டின் வலுவைக் கூட்டாது. ஆகவே அங்கே நீங்கள் வளர்ந்தது முழுக்கக் கைவளர்ச்சி, அதுவும் மனிதர்களை எதிர்த்து ஆடி வளர்ந்தது. அந்தத் திறமை உண்மையானது. இங்கே அதற்கு வேலை வேறு.

என் சித்தி மகன் முதன்முறை ஃபார் க்ரை 3 ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், யோசிக்காமலே அந்தத் திசைக்கு ஓடினான். போனைச் சாய்த்துக் குறிவைக்கும் ஜைரோவில் பழகியவன் என்பதால் கன்ட்ரோலரையே சாய்த்துத் திருப்பினான், திரையில் குறி அசையவே இல்லை. அதற்குள் ஒருவன் அலாரத்தை அழுத்த, ஜீப்பில் இன்னும் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பிஜிஎம்ஐ-யில் சத்தத்தை நோக்கிப் போவது வேட்டை. ஃபார் க்ரையில் உங்களை யாரும் பார்க்காத நேரமே உங்களுடைய பெரிய ஆயுதம். குன்றின் மேல் படுத்துக் கேமராவால் ஒவ்வொருவனையும் குறித்துக்கொண்ட பிறகு இறங்கிப் பாருங்கள். ஏஸ் வரை கொண்டுவந்த குறி அப்போது உதவும்.

ஆரம்பத்துல குடுக்கற துப்பாக்கி குப்பையா இருக்கு. நல்லதை ஏன் ஒளிச்சு வைக்கிறாங்க?

பின்னால் கிடைப்பது நல்லது என்று தெரிய, முன்னால் இருந்தது எப்படி இருந்தது என்ற நினைவு வேண்டும். 2007-இல் கீவ் நகரத்து ஜிஎஸ்சி உருவாக்கிய ஸ்டாக்கரில் முதலில் கிடைக்கும் சிறு கைத்துப்பாக்கி பத்தடி தள்ளி நிற்பவனைக்கூடச் சரியாகச் சுடாது. அதனால்தான் இறந்தவனின் பக்கத்தில் முதல் நல்ல ரைஃபிளைப் பார்க்கும்போது உள்ளம் துள்ளுகிறது. அந்தக் கேமில் எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி கிடையாது, லெவல் கிடையாது. கையில் இருப்பதும் தலையில் இருப்பதும்தான் வளர்ச்சி.

ஆனால் மோசமான துப்பாக்கிக்கும் சலிப்பூட்டும் துப்பாக்கிக்கும் வேறுபாடு உண்டு. மோசமான துப்பாக்கி உங்களைக் கிட்டே போக வைக்கும், மறைவு தேட வைக்கும், குண்டை எண்ண வைக்கும். சலிப்பூட்டும் துப்பாக்கி அதே இடத்தில் நின்று இன்னும் நான்கு மடங்கு நேரம் சுட வைக்கும். பல மணி நேரம் ஆடியும் இரண்டாவதுதான் நடக்கிறதென்றால், அந்த டிஸ்க்கைத் திருப்பித் தருவதில் தவறில்லை.

மொத பாகத்துல எல்லாத்தையும் வாங்கி முடிச்சேன். ரெண்டாவதுல மறுபடி வெறுங்கையோட நிக்க வைக்கிறாங்களே, இது நியாயமா?

இதைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நாற்பது ஐம்பது மணி நேரம் உழைத்துச் சேர்த்ததை ஒரே காட்சியில் பிடுங்கிக்கொள்வது போல் இருக்கும். ஆனால் சேர்த்ததை அப்படியே எடுத்துச் செல்ல விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2011-இல் வந்த செயின்ட்ஸ் ரோ தி தேர்டில் மேல் நிலைகளை எட்டியவர்கள் குண்டு உடம்பில் தைக்காத வரத்தையும் தீராத குண்டுகளையும் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏறப் படி எங்கே இருக்கிறது? 2013-இல் வந்த நான்காம் பாகம் துப்பாக்கியைத் தாண்டி, காரைவிட வேகமாக ஓடும் கால்களையும் கட்டடங்களைத் தாண்டும் பாய்ச்சலையும் கொடுத்தது. சாலையில் நிற்கும் கார்களை எடுக்கவே காரணம் இல்லாமல் போனது. ஒரு வளர்ச்சி இன்னொரு பகுதியைத் தின்றுவிட்டது.

அதனால் பெரும்பாலானோர் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். ஃபார் க்ரை ஒவ்வொரு எண்ணிட்ட பாகத்திலும் நாயகனையும் நாட்டையும் மாற்றிவிடுகிறது: மூன்றில் ரூக் தீவுகள், நான்கில் இமயமலைச் சாரலில் கற்பனையான கிராட் நாடு, ஐந்தில் அமெரிக்காவின் மொன்டானா, ஆறில் யாரா தீவு. புதியவன் எதுவும் தெரியாதவன் என்பதால் வெறுங்கை இயல்பாக இருக்கிறது. 2017-இல் வந்த டெஸ்டினி 2 கடினமான வழியை எடுத்தது. பாத்திரம் அதே பாத்திரம். கதையின் தொடக்கத்திலேயே எதிரிப் படை நகரத்தைத் தாக்கி வீரர்களின் ஒளி என்ற சக்தியைப் பறிக்கிறது, முதல் பாகத்தில் சேர்த்த ஆயுதங்கள் எதுவும் உடன் வருவதில்லை. இழப்பையே கதையாக்கியதால் முதல் சில மணி நேரத்தில் அந்த வெறுமை உறைக்கிறது. நியாயமாகச் செய்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

என் அளவுகோல் இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்றாவது வகை. எண்ணையும் செயலையும் பிடுங்கிக்கொள்ளட்டும். முதல் பாகத்தில் என் கை கற்றதை இரண்டாம் பாகம் மதிக்கிறதா? பழைய ஆட்டக்காரர் முதல் முகாமிலேயே கொஞ்சம் துணிச்சலாக நடந்து அதற்குப் பலன் பெற முடிகிறதா? முடிகிறதென்றால் அவரிடமிருந்து முக்கியமான எதையும் யாரும் எடுத்துவிடவில்லை.

பர்ஸ் பெருசாக்கறதுக்கு எதுக்குண்ணா மிருகத்தை வேட்டையாடணும்?

ஃபார் க்ரை 3-இல் காசு வைக்கும் பர்ஸ், துப்பாக்கி மாட்டும் பட்டை, குண்டுப் பை எல்லாமே மிருகத் தோலில்தான் தைக்கப்படுகின்றன. அறிவுக்குப் பொருந்தவில்லை என்பது சரிதான். அதற்கு ஒரு பயன் உண்டு: கதை வழியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க வைக்கிறது, நடக்கும்போது முகாம்கள் கண்ணில் படுகின்றன. முதல் சில மணி நேரத்தில் இதை முடித்துக்கொள்ளுங்கள், பிறகு தொல்லை இருக்காது.

ஒரு ஜாக்கெட் போட்டவன் தலைல மேகசின் முழுக்க எறக்குனாலும் சாக மாட்டேங்கறான். இது என்ன கொடுமை?

ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் புல்லட் ஸ்பாஞ்ச் என்று சொல்வது இதைத்தான். 2016-இல் வந்த தி டிவிஷன் மீது எழுந்த பெரிய புகார் இதுவே. குளிர்கால நியூயார்க், பார்க்க அசல் நகரம் போலவே இருக்கிறது. எதிரி தலையில் துணித்தொப்பி போட்ட சாதாரண மனிதன். ஆனால் உள்ளே ஓடும் கணக்கு முழுக்க ஆர்பிஜி கணக்கு, அதாவது பாத்திரத்தை எண்களால் வளர்க்கும் கேம்களின் கணக்கு. உங்கள் துப்பாக்கியின் எண்ணும் அவன் உடல்நலத்தின் எண்ணும் ஒன்றையொன்று துரத்துகின்றன. கண் ஒன்றைச் சொல்கிறது, கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. எரிச்சல் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அதே கணக்கு பார்டர்லேண்ட்ஸில் உறுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே எல்லாமே கோட்டோவியம் போல் வரையப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் எதிரியின் உடம்பிலிருந்து எண் தெறிக்கிறது, இது எண்களின் உலகம் என்று முதல் நொடியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

2019-இல் வந்த, வாஷிங்டன் நகரத்தில் நடக்கும் டிவிஷன் 2 இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டது. கனத்த எதிரி கண்ணுக்குத் தெரியும்படி கவசத் தகடுகள் அணிந்திருக்கிறான். சுடச் சுட அவை துண்டு துண்டாக உடைந்து விழுகின்றன. விழுந்த இடத்தில் சதை தெரிகிறது. அடுத்த குண்டு எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிகிறது. அதிகக் குண்டு வேண்டும் என்பது மாறவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு காரணம் வந்துவிட்டது. ஒரு தொடரின் அடுத்த பாகம் முந்தையதன் குறைக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

நான் லெவல் ஏறினா எதிரியும் கூடவே ஏறுறான். அப்புறம் எதுக்கு நான் ஏறணும்?

இது லெவல் ஸ்கேலிங். திறந்த உலகத்தில் யார் எப்போது எங்கே போவார்கள் என்று தெரியாது என்று முதல் பதிலில் சொன்னேன். அந்தச் சிக்கலுக்கு இது சோம்பேறித்தனமான விடையாகவும் ஆகலாம், நல்ல விடையாகவும் ஆகலாம். வாள் பிடிக்கும் கேமாக இருந்தாலும் 2006-இல் வந்த ஆப்ளிவியனை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் நீங்கள் உயர உயர, வழிப்பறிக்காரர்கள்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வருவார்கள். அத்தனை விலையுள்ள கவசத்தை விற்றாலே அவன் வழிப்பறியை விட்டுவிடலாம். உங்கள் வளர்ச்சியை உலகம் உடனுக்குடன் அழித்துவிட்டது.

பார்டர்லேண்ட்ஸ் 2-இல் சிக்கல் வேறு விதம். கதையை இரண்டு முறை முடித்தவர்களுக்காக 2013-இல் சேர்த்த அல்டிமேட் வால்ட் ஹன்டர் நிலையில் எதிரிகளின் உடல்நலம் வெகுவாக ஏறியது. அதை ஈடுகட்ட, ஸ்லாக் என்ற ஊதா நிறத் திரவம் பட்ட எதிரிக்கு மற்ற குண்டுகள் மூன்று மடங்கு சேதம் செய்யும்படி வைத்தார்கள். விளைவு, எல்லோரும் ஒவ்வொரு எதிரியையும் முதலில் ஸ்லாக் துப்பாக்கியால் நனைத்து, பிறகு துப்பாக்கியை மாற்றிச் சுட வேண்டியதாயிற்று. ஆயிரமாயிரம் துப்பாக்கிகள் உள்ள கேமில் ஆடும் முறை ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2019-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஸ்லாக்கையே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த முறை ஃபார் க்ரை 3-இன் முறை. அதில் எதிரிக்கு லெவல் எண்ணே கிடையாது. தெற்குத் தீவுக்குப் போனதும் கடற்கொள்ளையர்களுக்குப் பதிலாக, நல்ல கவசமும் பயிற்சியும் உள்ள கூலிப்படையினர் வருகிறார்கள். பழைய வடக்குத் தீவுக்குத் திரும்பிப் போனால் நீங்கள் வளர்ந்தது தெரியும்.

பழைய ஃபார் க்ரை 2ல துப்பாக்கி நடுச்சண்டைல சிக்கிக்குது. டிஸ்க்ல கோளாறா?

கோளாறு இல்லை, அப்படித்தான் உருவாக்கியிருக்கிறார்கள். அதில் துப்பாக்கி தேய்கிறது, சிக்குகிறது, கடைசியில் உடைகிறது. எதிரியிடமிருந்து எடுப்பது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கடையில் வாங்கியதைக் கிடங்கிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம். நாயகனுக்கு மலேரியா வேறு, மாத்திரை தேடி அலைய வேண்டும். சாலைக் காவல் சாவடிகளைத் துடைத்துவிட்டு கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் மீண்டும் ஆட்கள் நிற்பார்கள்.

மூன்றாம் பாகம் இவை அனைத்தையும் கைவிட்டது. பிடித்த முகாம் பிடித்ததாகவே இருக்கும் என்றாக்கியது. பெரும்பாலோர் அதை வரவேற்றார்கள். நானும் சாவடி விஷயத்தில் அதை ஆதரிக்கிறேன், ஏனென்றால் வளர்ச்சி நிலத்திலும் தெரிய வேண்டும். துப்பாக்கி சிக்குவதை இழந்ததில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. சிக்கிய துப்பாக்கியைத் தட்டிச் சரிசெய்யும் அந்த இரண்டு நொடியில்தான் திட்டம் சிதறி, புதிய திட்டம் பிறந்தது. அந்தச் சுவை வேண்டுமானால் ஸ்டாக்கர் தொடரில் இன்றும் கிடைக்கும். 2024 நவம்பரில் வந்த ஸ்டாக்கர் 2-இலும் துப்பாக்கி தேய்கிறது, சிக்குகிறது.

ஃபால்அவுட் 3ல குறி கரெக்டா வெச்சாலும் குண்டு பக்கத்துல போகுது. என் கன்ட்ரோலர் போயிடுச்சா?

உங்கள் கன்ட்ரோலர் நன்றாகவே இருக்கிறது. 2008-இல் வந்த அந்தக் கேமில் குண்டு எவ்வளவு சிதறும், எவ்வளவு சேதம் செய்யும் என்பது பாத்திரத்தின் துப்பாக்கித் திறன் எண்ணைப் பொறுத்தது. உங்கள் கை சரியாக இருந்தாலும் பாத்திரத்தின் கை இன்னும் பழகவில்லை என்பது கணக்கு. இரண்டாவது பதிலில் சொன்ன எண்ணும் கையும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. அதனால்தான் நேரத்தை நிறுத்தி உடல் உறுப்பைத் தேர்ந்தெடுத்துச் சுடும் வாட்ஸ் முறை அங்கே அத்தனை முக்கியமாகிறது.

2010-இல் வந்த நியூ வேகாஸ் துப்பாக்கியின் மேல் கண்ணை வைத்துக் குறிபார்க்கும் வசதியைச் சேர்த்தது. 2015-இல் வந்த ஃபால்அவுட் 4 திறன் எண்களையே நீக்கி, பெர்க் என்ற சிறப்புத் திறன்களைத் தேர்ந்தெடுக்கும் பலகை ஒன்றை வைத்தது. பெர்க் சேதத்தைக் கூட்டும், குண்டு நீங்கள் குறிவைத்த இடத்துக்குப் போகும். ஷூட்டராகப் பார்த்தால் இது தெளிவான முன்னேற்றம். பாத்திரத்தின் குறைகளோடு வாழ்வதை விரும்பியவர்கள் எதையோ இழந்தார்கள் என்பதும் உண்மை.

ஸ்கில் பாயின்ட்டை தப்பான இடத்துல போட்டுட்டேன். முதல்லேர்ந்து ஆடணுமா?

அநேகமாக வேண்டாம். ஃபார் க்ரை 3-இல் ஆடிக்கொண்டே போனால் எல்லாத் திறன்களும் கைக்கு வந்துவிடும், வரிசைதான் மாறும். ஃபால்அவுட் 4-இல் லெவலுக்கு உச்சவரம்பே இல்லை. பார்டர்லேண்ட்ஸ் 2-இல் ஆட்டக்காசு கொடுத்துப் புள்ளிகளைத் திரும்பப் பெறலாம். சைபர்பங்க் 2077-இன் புதிய வடிவத்தில் பெர்க்குகளை விரும்பிய போதெல்லாம் மாற்றலாம், அடிப்படைப் பண்புகளை ஒரே ஒரு முறை மாற்றலாம். அந்த ஒன்றை மட்டும் யோசித்துச் செலவிடுங்கள்.

ஈசி மோட்ல ஆடினா பசங்க கிண்டல் பண்றாங்க. தப்பாண்ணா?

தப்பே இல்லை. ஈசி மோட் பெரும்பாலும் மாற்றுவது எண்ணை மட்டும்தான். முகாமைப் பார்த்துத் திட்டமிடும் வேலையும் அதில் கிடைக்கும் மகிழ்ச்சியும் அப்படியேதான் இருக்கின்றன.

ஃபார் க்ரைல எந்த பாகத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

மூன்றிலிருந்து. கதைகள் பெரும்பாலும் தனித்தனி என்பதால் ஒன்றும் குழம்பாது. நான்கு அதே அமைப்பைப் பெரிதாக்கி, யானை சவாரியையும் இருவராகச் சேர்ந்து ஆடும் வசதியையும் கொடுக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடாமல் இடையில் வேறொன்றை ஆடுங்கள். 2018-இல் வந்த ஐந்தில், வரைபடத்தைத் திறக்க முந்தைய பாகங்களில் இருந்த கோபுரம் ஏறும் வேலை இல்லை, திறன் புள்ளிகள் சவால்களை முடிப்பதன் மூலம் கிடைக்கின்றன. ஐந்தின் தொடர்ச்சியான ஃபார் க்ரை நியூ டானை ஐந்துக்குப் பிறகே ஆட வேண்டும், அது அதே ஊரில் பதினேழு ஆண்டு கழித்து நடக்கிறது. இரண்டாம் பாகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; அதன் கடுமையை அப்போதுதான் மதிக்க முடியும்.

ஆறாவதுல ஸ்கில் ட்ரீயையே தூக்கிட்டாங்களே. அது முன்னேற்றமா, பின்னேற்றமா?

2021-இல் வந்த ஃபார் க்ரை 6-இல் திறன்கள் உடையோடும் கருவியோடும் ஒட்டிக்கொண்டன. காலணியில் ஒரு பலன், மேலாடையில் ஒரு பலன், முதுகில் சுப்ரீமோ என்ற பெரிய கருவி. குண்டிலும் வகைகள்: கவசமில்லாதவனுக்கு ஒன்று, கவசம் உள்ளவனுக்கு ஒன்று. ஏட்டளவில் இது நல்ல யோசனை. சண்டைக்கு முன்னால் முகாமைப் பார்த்து, யார் எதை அணிந்திருக்கிறான் என்று கவனித்து, அதற்கேற்ப உடையும் குண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடைமுறையில் கவசம் துளைக்கும் குண்டும் சைலன்சரும் உள்ள ஒரு ரைஃபிளால் தலையில் சுட்டால் பெரும்பாலான படைவீரர்கள் ஒரே குண்டில் விழுகிறார்கள். ஒரு விடை எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்போது யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அத்தோடு, மூன்றில் ஹெவியை வீழ்த்தும் திறனைப் பெற்ற நாள் நினைவில் நிற்பதுபோல், காலணி மாற்றிய நாள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஸ்கில் ட்ரீ என்ற திறன் மரத்தை நீக்கியதில் எனக்குக் குறையில்லை. அதன் இடத்தில் வைத்தது ஆடுபவருக்குப் போதிய காரணம் கொடுக்கவில்லை.

கடைசில ரொம்ப பலமாயிட்டேன், எதிரி எல்லாம் பூச்சி மாதிரி. போர் அடிக்குது. என்ன பண்றது?

எண்ணை ஏற்றாமல் எதிரியை வளர்க்க முடியும் என்று 2015-இல் மெட்டல் கியர் சாலிட் 5 காட்டியது. தொடர்ந்து தலையில் சுட்டுக்கொண்டே இருந்தால் எதிரிகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இரவிலேயே நுழைந்துகொண்டிருந்தால் இரவில் பார்க்கும் கண்ணாடி மாட்டுகிறார்கள். உங்கள் பழக்கத்தை அவர்கள் படிக்கிறார்கள். நீங்களோ உங்கள் ஆட்களை அனுப்பி அந்த ஹெல்மெட் சரக்கு வந்து சேராமல் தடுக்கலாம். இதைவிட அழகான சண்டை வளர்ச்சியை இந்த வகையில் நான் பார்த்ததில்லை.

உங்கள் கேம் அப்படிச் செய்யவில்லையென்றால் நீங்களே உங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்: வில் மட்டும், அல்லது பகல் வெளிச்சத்தில் மட்டும், அல்லது யார் கண்ணிலும் படாமல். ஃபார் க்ரை 3-இல் விடுவித்த முகாம்களை மீண்டும் எதிரியிடமே கொடுக்கும் வசதி பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் சேர்ந்தது, அதைப் பயன்படுத்துங்கள். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் மாறுவதில்லை, விரல்தான் மாறுகிறது. முடித்த முகாமுக்குள் மறுபடி நுழையும்போதும் அதே மகிழ்ச்சிதான்.

நேஷனல் மார்க்கெட்ல பழைய டிஸ்க் வாங்கினேன். யூடியூப்ல பார்த்த கேமும் என் டிவில ஓடுறதும் வேற வேற மாதிரி இருக்கே?

இருக்கும். டிஸ்க்கில் இருப்பது வெளியான நாளின் வடிவம். அப்டேட்டுகள் சண்டை விதிகளையே மாற்றியிருக்கலாம். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பரில். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் பெர்க் அமைப்பைப் புதிதாக எழுதியது, உடையில் இருந்த கவச எண்ணை உடலுக்குள் பொருத்தும் சைபர்வேருக்கு மாற்றியது. அந்த 2.0 அப்டேட் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. பிஎஸ்4 வைத்திருந்து, புதிய வீடியோக்களைப் பார்த்து அந்த டிஸ்க்கை வாங்குபவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

கோஸ்ட் ரீகான் தொடரில் இன்னும் சுவையான கதை உண்டு. 2017-இல் வந்த வைல்ட்லேண்ட்ஸில் தலையில் பட்டால் ஆள் விழுவான். 2019-இல் வந்த பிரேக்பாயின்ட் எல்லாத் துப்பாக்கிக்கும் உடைக்கும் லெவல் எண் வைத்தது. பிடித்த துப்பாக்கியைக்கூட எண் குறைந்ததால் கழற்றிப்போட வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டதன் பேரில், 2020 மார்ச்சில் அந்த எண்களை முழுதாக அணைத்துவிட்டு ஆடும் முறை அப்டேட்டில் வந்தது. இன்று அதை ஆடுபவர்கள் முதலில் அமைப்புப் பக்கத்தில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இணையம் இல்லாமல் அந்தக் கேம் ஓடாது என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள்.

அதே மாதிரி குடுத்தா "அதே சரக்கு"ன்னு திட்டுறோம். மாத்தினா "கெடுத்துட்டாங்க"ன்னு திட்டுறோம். அப்போ கேம் பண்றவங்க என்னதான் செய்யணும்?

இரண்டு திட்டும் நியாயமாக இருக்கக்கூடும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை. ஃபார் க்ரை 4-ஐ "அதே சரக்கு" என்றவர்கள் பேசியது செயலைப் பற்றி: புதிதாகச் செய்ய முடிந்தது குறைவு. பிரேக்பாயின்டைக் "கெடுத்துட்டாங்க" என்றவர்கள் பேசியது கையைப் பற்றி: அவர்கள் வைல்ட்லேண்ட்ஸில் கற்ற குறியின் மதிப்பை ஒரு எண் குறைத்தது. கையை அப்படியே விட்டுவிட்டுச் செயலை மாற்றுவதே என் கண்ணில் பாதுகாப்பான வழி. டிவிஷன் 2 செய்தது அதுதான்.

கையையும் மாற்றித் தப்பித்தவர்கள் உண்டு. 2004-இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஒரு துப்பாக்கியைச் சுடச் சுட அதில் தேர்ச்சி ஏறும். ஹிட்மேன் என்ற உச்சத் தேர்ச்சி நிலையை எட்டினால் இரு கையிலும் கைத்துப்பாக்கி பிடிக்கலாம். 2008-இல் வந்த நான்காம் பாகம் அந்தத் தேர்ச்சி முழுவதையும் எடுத்துவிட்டு, சுவரோடு ஒட்டி மறைந்து சுடும் முறையைக் கொடுத்தது. சான் ஆண்ட்ரியாஸில் ஊறியவர்களுக்கு அது பெரிய இழப்பாகப் பட்டது. 2013-இல் வந்த ஐந்தாம் பாகம் மறைந்து சுடுவதை வைத்துக்கொண்டே, சுடும் திறன் எண்ணையும் சிறிய அளவில் திருப்பிக் கொண்டுவந்தது. கூடவே சண்டையில் நேரத்தை மெதுவாக்கும் மைக்கேல், குறைந்த அடி வாங்கி அதிக அடி கொடுக்கும் ட்ரெவர் என்று ஆளுக்கொரு தனித்திறன் வைத்தது. ஒரு பாகத்தில் எடுத்ததை அடுத்த பாகத்தில் வேறு வடிவில் கொடுக்க ஐந்து ஆண்டு பிடித்தது.

ஜிடிஏ-வை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் கிளை ஒன்று 2016 முதல் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. 1997-இல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவும் 2019-இல் அதனோடு சேர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளில் இருவர் அனிமேஷன் படிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: சான் ஆண்ட்ரியாஸ், நான்கு, ஐந்து மூன்றையும் வரிசையாக ஆடுங்கள், ஒவ்வொன்றிலும் முதல் துப்பாக்கிச் சண்டையில் உங்கள் விரல் எந்தப் பொத்தானைத் தேடி ஏமாந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.